வீடு மகளுக்கு, ரவுட்டர் மகனின் அறையில்



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஊர் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். என்னிடம் தரம் 10 படிக்கிற ஒரு பிள்ளையின் உம்மா கோல் எடுத்தா.

"டீச்சர், புதுசா ஒரு ரவுட்டர் வாங்கப் போறம். கடையில ஆறு அன்டெனா வெச்ச ஒண்டு காட்டினாங்க. 28,000 சொல்றாங்க. மாசா மாசம் கட்டலாமாம். வாங்கலாமா?"

நான் ஐ.சி.டி. படிப்பிக்கிறதால் இப்படிக் கேள்விகள் கிழமைக்கு ஒன்றிரண்டு வரும். போன் பழுது, பிரிண்டர் பழுது எல்லாமே ஐ.சி.டி. டீச்சரின் தலையில்தான். அது போகட்டும்.

"இப்ப இருக்கிற ரவுட்டர் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"மேல, மூத்தவன்ட ரூமுல."

"மகள் எங்க இருந்து படிக்கிறா?"

"கீழ, குசினிக்குப் பக்கத்துச் சின்ன ரூமுல. அங்கதான் நெட் இழுக்குதே இல்ல. அதுக்குத்தானே பெரிசா ஒண்டு வாங்கப் பாக்கிறம்."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. ஏனென்றால் இது அந்த ஒரு வீட்டின் கதையில்லை. எங்கள் கிழக்குப் பக்கத்தில் வீடு கட்டுவதே பெண் பிள்ளைக்குத்தான். வாப்பாமார் வெளிநாடு போய், கடன்பட்டு, வயலை விற்று, மகளுக்கென்று வீடு கட்டுகிறார்கள். எனக்கும் வாப்பா கட்டித் தந்த வீடுதான். ஆனால் அந்த வீட்டுக்குள் இன்டர்நெட் வந்தால் அந்தப் பெட்டி எங்கே குந்துகிறது? காக்காவின் அறையில். இல்லாவிட்டால் முன் ஹோலில், வருகிற ஆண்கள் இருக்கிற கதிரைக்குப் பக்கத்தில். எவரும் வேணுமென்று செய்வதில்லை. கனெக்ஷன் பூட்ட வந்த தம்பி "எங்க வெக்கிற?" என்று கேட்ட நேரத்தில் வீட்டில் யார் நின்றாரோ, அவர் தன் வசதிக்கு ஒரு இடத்தைக் காட்டிவிட்டார். உம்மாவும் மகளும் அந்நேரம் குசினியில். அவ்வளவுதான் நடந்தது. அதன் விலை மட்டும் வருடக்கணக்கில் போகிறது.

என் சொந்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்டது எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். சூமில் பாடம் எடுக்க வேண்டி வந்தது. எங்கள் வீட்டு ரவுட்டர் முன் ஹோலில், இவரின் மேசைக்கு மேலே. எனக்கோ அடுப்பையும் பார்க்க வேண்டும், சின்னவளையும் பார்க்க வேண்டும். பின்பக்கம் இருந்தால் நான் பேசுவது பிள்ளைகளுக்கு வெட்டி வெட்டிக் கேட்கும். "டீச்சர், கேக்குதில்ல" என்று சட்டில் எழுதிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் போர்டிகோப் படியில் இருந்து பாடம் எடுத்தேன். ரோட்டால் போகிறவர்கள் எல்லாம் பின்னம் படித்துவிட்டுப் போனார்கள்.

பொறுக்க முடியாமல் ஒரு கடையில் போய் நாலு அன்டெனா வைத்த ரவுட்டர் ஒன்று 14,500 ரூபாய்க்கு வாங்கி, பழையது இருந்த அதே மேசையில் வைத்தேன். குசினியில் ஒரு கோடு கூடிற்று. ஆனால் பாடம் முன்னையைப் போலவே வெட்டியது. ஏன் என்று அன்று விளங்கவில்லை. ஐ.சி.டி. டீச்சருக்கே விளங்கவில்லை என்றால் பாருங்கள்.

பிறகுதான் ஆறுதலாக இருந்து யோசித்தேன். காரணம் வகுப்பறையில் தினமும் கண்டதுதான். நான் மைக்கில் பேசினால் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்கும். அந்தப் பிள்ளை மெதுவான குரலில் பதில் சொன்னால் எனக்குக் கேட்காது. வைஃபையும் இரண்டு பக்கக் கதை. ரவுட்டர் எவ்வளவு பலமாகக் கத்தினாலும், கையிலிருக்கிற போன் திரும்பிக் கத்த வேண்டும். போனின் அன்டெனா சின்னது, பட்டரியும் சின்னது. அதன் குரல் மூன்று சுவரைத் தாண்டிப் போகாது. ஆகவே போனில் கோடு நிறையக் காட்டும், வேலை மட்டும் நடக்காது. சூமில் மற்றவர் பேசுவது கேட்கும், நாம் பேசுவது போகாது. ஆறு அன்டெனா வாங்கினாலும் பிள்ளையின் போன் அதே போன்தான்.

அடுத்தது சுவர். வைஃபை இப்போது இரண்டு அலைவரிசையில் வருகிறது. 2.4 கிகாஹேர்ட்ஸ் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும்; ஆனால் வேகம் குறைவு, அயல் வீட்டு ரவுட்டர்களோடு எல்லாம் முட்டி மோதும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் அதுவும் குழப்பும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, நெரிசல் குறைந்தது; ஆனால் ஒரு கல் சுவரைத் தாண்டும்போதே மூச்சு வாங்கும், கொங்கிரீட் சிலெப் என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் வீடுகள் எதனால் கட்டியவை? செங்கல், சீமெந்துக் கல், இரண்டு தட்டு என்றால் இடையில் கம்பி போட்ட சிலெப். பலகைச் சுவர் வைத்துக் கட்டுகிற நாடுகளின் வீடுகளை நினைத்து "வீடு முழுக்கக் கவர் பண்ணும்" என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி நாம் சல்லியைக் கொடுக்கிறோம். இரும்பு அலுமாரியும், ஆள் உயரக் கண்ணாடி வைத்த அலுமாரியும் சிக்னலுக்குச் சுவரை விட மோசம். பிரிட்ஜுக்குப் பின்னால் ரவுட்டரை ஒளித்து வைத்திருக்கிற வீடுகளையும் கண்டிருக்கிறேன். பார்க்க வடிவில்லையாம்.

ஆகவே கடைக்குப் போக முன் ஒரு சோதனை செய்யுங்கள். செலவில்லை. போனில் வேகம் பார்க்கிற செயலி ஒன்றைப் போட்டு, முதலில் ரவுட்டருக்குப் பக்கத்தில், ஒரே அறையில் நின்று பாருங்கள். பிறகு பிள்ளை படிக்கிற இடத்தில் நின்று பாருங்கள். சுபஹுக்குப் பிறகு ஒருமுறை, மஃரிபுக்குப் பிறகு ஒருமுறை. பக்கத்தில் நின்றால் 25 வருகிறது, படிக்கிற அறையில் 2 வருகிறது என்றால் பிரச்சினை வீட்டுக்குள். பக்கத்தில் நின்றாலும் 2 என்றால் பிரச்சினை வெளியில்: லைனில், டவரில், அல்லது முடிந்துபோன டேட்டாவில். சுபஹுக்கு 25, மஃரிபுக்குப் பிறகு பக்கத்தில் நின்றும் 3 என்றால், ஊர் முழுக்க ஒரே டவரைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு 28,000 ரூபாய் ரவுட்டர் மருந்தில்லை. எந்த ரவுட்டரும் மருந்தில்லை.

எவ்வளவு வேகம் வேணும் என்பதிலும் பயம் காட்டுகிறார்கள். ஒரு சூம் வகுப்புக்கு 1 முதல் 3 எம்.பி.பி.எஸ். போதும். யூடியூபில் தெளிவான பாட வீடியோவுக்கு 5 இருந்தால் தாராளம். விளம்பரத்தில் போடுகிற எம்.பி.பி.எஸ். என்பது மெகாபிட். டவுன்லோட் ஓடும்போது காட்டுவது மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். 20 என்று விற்றது 2.5 என்று காட்டினால் ஏமாற்றில்லை. இதை என் தரம் 10 பிள்ளைகள் வாப்பாமாருக்குச் சொல்லிக் கொடுக்கலாம், பாடத்தில் இருக்கிறது.

இனி 4ஜி வீடுகளின் சிக்கல். எங்கள் ஊரில் கூடுதலானது அதுதான். சிம் போடுகிற ரவுட்டருக்கு இரண்டு வேலை. வெளியில் டவரோடு பேச வேண்டும், உள்ளே போன்களோடு பேச வேண்டும். டவருக்கு நல்ல இடம் மேல் மாடி யன்னல். பிள்ளைக்கு நல்ல இடம் கீழ்த் தட்டின் நடு. ஒரு பெட்டி இரண்டு இடத்தில் இருக்க ஏலாது. அதனால்தான் "மேல வெச்சாத்தான் சிக்னல் வரும்" என்று அது காக்காவின் அறைக்குப் போகிறது. அந்தக் காரணம் பொய்யில்லை. ஆனால் அதற்கு மேல் யோசிக்காமல் விடுகிறோமே, அதைத்தான் நான் சொல்கிறேன்.

ரவுட்டரின் செட்டிங் பக்கத்துக்குள் போனால் ஆர்.எஸ்.ஆர்.பி. என்று ஒரு இலக்கம் இருக்கும். மறை எண். -80, -90 என்றால் நல்லது. -110க்குக் கீழே போனால் இடத்தை மாற்றிப் பாருங்கள். யன்னலுக்கு யன்னல் ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு நடந்து, ஐந்து நிமிஷம் வைத்து, இலக்கத்தை எழுதிப் பாருங்கள். எங்கள் வீட்டில் மேல் மாடிக்கும் கீழ் சாப்பாட்டு அறை யன்னலுக்கும் வித்தியாசம் வெறும் 4. அதற்காகவா இவ்வளவு காலம் மேலே வைத்திருந்தோம் என்று இவரே கேட்டார்.

உண்மையாகவே மேலேதான் நல்லது என்றால், அங்கேயே இருக்கட்டும். அங்கிருந்து கீழே ஒரு வயர் இழுங்கள். என் அபிப்பிராயம் முழுவதையும் ஒரு சொல்லில் கேட்டால் வயர் என்பேன். வயரில்லாத நெட்வேர்க் நன்றாக வேலை செய்ய ஒரு வயர் வேணும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். கெட் 5இ வயர் 100 மீற்றர் வரை 1,000 எம்.பி.பி.எஸ். கொண்டு போகும். எங்கள் வீட்டில் எந்த மூலைக்கும் 25 மீற்றருக்கு மேல் தேவைப்படாது. வாங்கும்போது சுத்தச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்துக்குச் செம்பு பூசியதையும் கெட் 6 என்று எழுதி விற்கிறார்கள். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும்.

வயரின் மறு நுனிக்குப் புதுச் சாமான் கூட வாங்கத் தேவையில்லாமல் போகலாம். பைபருக்கு மாறிய வீடுகளில் பழைய ஏ.டி.எஸ்.எல். ரவுட்டர் அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடக்கும். அதன் செட்டிங்கில் டி.எச்.சி.பி. என்பதை அணைத்து, முகவரியை மற்றதோடு முட்டாத ஒன்றாக மாற்றி (பிரதான ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2), வயரை அதன் லேன் துளையில் குத்துங்கள். அது பிள்ளையின் அறைக்கு ஒரு வைஃபை முனையாகிவிடும். 2.4 மட்டும்தான் தரும், 100க்கு மேல் போகாது. பாடத்துக்கு அது போதும். நான் இப்படித்தான் செய்தேன். வயர், கிளிப், சுவரில் துளை போட்ட தம்பியின் கூலி எல்லாமாக 4,000 ரூபாய்க்குள் முடிந்தது. முதலில் கொடுத்த 14,500 ரூபாயை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

சுவரில் குத்துகிற சின்ன ரிப்பீட்டர் பற்றியும் கேட்கிறார்கள். மலிவு, உண்மைதான். ஆனால் மலிவான ரிப்பீட்டர், கேட்பதும் திரும்பச் சொல்வதும் ஒரே அலைவரிசையில். அதனால் வேகம் பாதியாகும். அதோடு எங்கள் ஆட்கள் அதைச் சிக்னல் இல்லாத அறையிலேயே குத்துகிறார்கள். தனக்கே கேட்காததை அது யாருக்குச் சொல்லும்? பாதி வழியில் குத்த வேண்டும். வாடகை வீடு, துளை போட ஏலாது என்றால் மட்டும் அது சரி. மெஷ் என்று இரண்டு மூன்று பெட்டி சேர்த்து விற்பது நல்ல சாமான்தான், ஆனால் அதற்கும் கொங்கிரீட் சிலெப் சிலெப்தான். வயரோடு இணைத்தால் அருமையாக ஓடும்.

சரி, புது ரவுட்டர் வாங்கியே ஆக வேணும் என்ற நிலை இருக்கிறவர்களுக்கு. பெட்டியில் ஏ.சி.1200 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது இரண்டு அலைவரிசையின் கூட்டுத்தொகை, 300உம் 867உம் சேர்த்தது. எந்தப் போனுக்கும் 1,200 கிடைக்காது. அதை விட முக்கியம், பின்னால் இருக்கிற துளைகள். கிகாபிட் என்று இல்லாவிட்டால் அவை 100தான். நீங்கள் எடுத்திருக்கிற பைபர் பெக்கேஜ் 100க்கு மேலே என்றால் மிச்சம் வீண். வைஃபை 6 என்று எழுதியதற்குக் கூடச் சல்லி கொடுக்க முன், வீட்டுப் போன்கள் எத்தனை அதைப் பாவிக்கும் என்று பாருங்கள். மலிவான போன்கள் பலதும் வைஃபை 5ஓடு நிற்கும். ஆனால் பாதுகாப்பில் டபிள்யூ.பி.ஏ.3 இல்லாவிட்டாலும் டபிள்யூ.பி.ஏ.2 கட்டாயம் இருக்க வேண்டும். 4ஜி ரவுட்டரில் கெட் 4 என்றிருந்தால் உச்சம் 150, கெட் 6 என்றால் 300. அதுவும் டவர் காலியாக இருந்தால்.

கட்டாரிலிருந்து, சவூதியிலிருந்து சாச்சா கொண்டு வருகிற 4ஜி, 5ஜி ரவுட்டர் இன்னொரு கதை. பெட்டி பளபளக்கும். அங்குள்ள கம்பனிக்கு லொக் செய்யப்பட்டிருந்தால் இங்குள்ள சிம்மை ஏற்காது. லொக் இல்லாவிட்டாலும் இங்கு கம்பனி தருகிற அலைவரிசை அதில் இருக்க வேண்டும். சாச்சாவிடம் பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து முதலே அனுப்பச் சொல்லுங்கள். அன்போடு கொண்டு வந்ததைப் பிறகு வேண்டாம் என்று சொல்ல எங்களால் முடியாது, அது அலுமாரிக்கு மேலே போய்விடும்.

கரண்ட் விசயத்தில் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தவர்கள் நாங்கள். போதாததற்கு 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு உப மின்நிலையத்துக்குள் புகுந்து முழு நாட்டையும் அணைத்தது. ரவுட்டருக்கென்று சின்ன யூ.பி.எஸ். வாங்கலாம், மூன்று நான்கு மணித்தியாலம் தாங்கும். ரவுட்டரின் அடப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள், மாறிக் குத்தினால் புகை வரும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பைபர் கண்ணாடி இழை, அதனால் மின்னல் வராது. ஆனால் அடப்டர் வழியாகக் கரண்டில் வரும். பழைய டெலிபோன் வயர் என்றால் இரண்டு பக்கமும் வரும்.

இனி, இதை வாசிக்கிற சிலரின் மனதில் இருப்பது எனக்குத் தெரியும். "பொம்புளப் புள்ளைக்கு ரூமுக்குள்ள நெட் குடுக்கச் சொல்றாவே இந்த டீச்சர்." நான் அப்படிச் சொல்லவில்லை. எல்லோரும் நடமாடுகிற நடு ஹோலுக்கு ரவுட்டரும் வரட்டும், படிக்கிற மேசையும் வரட்டும் என்கிறேன். பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயம் மகனுக்கும் இருக்க வேண்டுமல்லவா? இரவு 2 மணிக்குக் கதவை மூடிக்கொண்டு ரவுட்டருக்குப் பக்கத்தில் படுத்திருப்பது யார்? இப்போதைய ரவுட்டர்களில் எந்தப் போனுக்கு எத்தனை மணிக்கு நிற்பாட்டுவது என்று நேரம் போடலாம். போடுவதென்றால் வீட்டிலுள்ள எல்லாப் போனுக்கும் ஒரே நேரம் போடுங்கள், வாப்பாவின் போனும் சேர்த்து.

பைபர் பூட்டப் போகிற வீடுகளுக்கு ஒரேயொரு வேண்டுகோள். பூட்டுகிற தம்பி வருகிற நாளில் உம்மா வீட்டில் நில்லுங்கள். அவருக்கு இலகு, வயர் நுழைகிற முன் சுவரிலேயே பெட்டியை அடித்துவிட்டுப் போவது. "தம்பி, இன்னும் பத்து மீற்றர் உள்ளே இழுத்து ஹோலின் நடுவில் வையுங்க" என்று சொல்ல வேண்டும். கூட ஏதும் கேட்டால் கொடுங்கள்.

அந்த உம்மாவின் கதைக்கு வருகிறேன். ரவுட்டர் வாங்கவில்லை. நான் சொன்னபடி போனை எடுத்துக்கொண்டு நடந்து பார்த்திருக்கிறா. மேலே 18, கீழே குசினி அறையில் 1. படிக்கட்டுக்குக் கீழே, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து யன்னலில் ரவுட்டரை வைத்தால் குசினி அறையில் 11. மூத்தவருக்கு மேலே 6தான் கிடைக்கிறதாம், இரண்டு நாளாகச் சாப்பிடக் கீழே வரும்போது முகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறாராம். கேம் விளையாட முடியவில்லையாம். "அவனுக்கும் ஒரு வயர் இழுத்துக் குடுப்பம்" என்றா. நியாயம்தான், இழுத்துக் கொடுங்கள்.

திங்கட்கிழமை இரவு 9 மணிக்கு மகள் குரூப்பில் ஹோம்வேர்க்கை படம் படமாக அனுப்பினாள். இந்தத் தவணையில் அவளிடமிருந்து இரவில் வந்த முதலாவது. பின்னால் உம்மா ரவுட்டர் இருக்கிற இடத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தா. நல்ல இடம், நல்ல உயரம். ஆனால் தூசி படாமலிருக்க அதற்கு மேலே பூப்போட்ட தடித்த உறை ஒன்று தைத்து மூடியிருக்கிறா. சூடேறிப் போகும், அதைக் கழற்றச் சொல்லி இனித்தான் ஒரு வொய்ஸ் போட வேண்டும்.